பிள்ளை சாப்பிட மறுத்தால்: பெற்றோருக்கான ஒரு பாடம்



கல்வி உதவி, மருத்துவ உதவி மனுக்களை விசாரிக்க நமது அறக்கட்டளையினர் வீடுகளுக்குச் செல்லும்போது, மனுவில் இல்லாத ஒரு குறையைத் தாய்மார்கள் சொல்வதுண்டு. "புள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது. கீரையக் கண்டா ஓடுது. தாளிச்சாவுல காய எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு கறிய மட்டும் எடுக்குது. கடையில விக்கிற பாக்கெட்டுன்னா மட்டும் உடனே வாய் திறக்குது" என்பார்கள். கூடவே மாமியாரின் ஏச்சு, கணவரின் கோபம், பிள்ளையின் முதுகில் விழும் அடி என்று வேளைக்கு வேளை வீட்டில் ஒரு சண்டை.

இதைச் சிறிய விஷயமாக எண்ண முடியாது. 2019–21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. வயிறு நிறைந்திருந்தும் சத்து போதாத பிள்ளைகள் இவர்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சீக்கிரம் களைக்கிறது, வகுப்பில் கவனம் சிதறுகிறது, பசியும் மந்தமாகிறது. பசி மந்தமானால் இன்னும் குறைவாக உண்கிறது. இந்தச் சுழலை வீட்டிலேயே உடைக்க என்ன வழி என்பதே இம்மாதப் பாடம்.

1. பிள்ளை ஏன் மறுக்கிறது?

முதல் காரணம் வளர்ச்சி. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. "போன வருஷம் நல்லா சாப்பிட்ட புள்ள" என்று தாய் கவலைப்படுவது பெரும்பாலும் இந்த இயல்பான மாற்றத்தைக் கண்டுதான்.

இரண்டாவது காரணம் பழக்கமின்மை. ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது பிள்ளைகளின் இயல்பு. நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் காக்கும் குணம் அது. கசப்பும் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் நாவில் கூடுதலாக உறைக்கிறது. ஆகவே பாகற்காயையும் வெந்தயக்கீரையையும் துப்பும் பிள்ளை அடம் பிடிப்பதாக மட்டும் எண்ண வேண்டாம். அதற்கு அது உண்மையிலேயே நம்மைவிட அதிகமாகக் கசக்கிறது.

மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது. காலையில் டீயும் வர்க்கியும், பதினோரு மணிக்கு ஒரு பாக்கெட், மூன்று மணிக்கு ஜூஸ், இடையிடையே பால் என்று போனால் சாப்பாட்டு நேரத்தில் பசி எங்கிருந்து வரும்? ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் தேவையில்லை. அதற்கு மேல் போனால் சோற்றுக்கு இடமிருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு.

2. நபிமொழிகளில் மூன்று சம்பவங்கள்

உணவின் மீதுள்ள விருப்பு வெறுப்பை நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பதற்கு மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

ஒன்று, மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்தது. சுட்ட உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டது. அது என்னவென்று தெரிவிக்கப்பட்டதும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். ஹராம் இல்லை, தம் சமூகத்தாரின் பகுதியில் இது இருப்பதில்லை, அதனால் மனம் விரும்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் கூறினார்கள். காலித் (ரலி) அதே இடத்தில் அதை எடுத்து உண்டார்கள். பழகாத உணவின் மீது மனம் ஒட்டாமல் போவது குற்றமல்ல என்பது இதில் கிடைக்கும் முதல் படிப்பினை. பிடிக்காதவர் பிறர் உண்பதைத் தடுக்கவில்லை, உணவைப் பழிக்கவும் இல்லை என்பது இரண்டாவது. எந்த உணவையும் குறை சொல்லாமல், விரும்பினால் உண்பதும் விரும்பாவிட்டால் விட்டுவிடுவதுமே நபியவர்களின் வழக்கம் என்று அபூஹுரைரா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

இரண்டு, உமர் பின் அபீஸலமா (ரலி) நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். உண்ணும்போது அவர் கை தட்டு முழுவதும் சுற்றியது. பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தனக்கு அருகில் உள்ளதை உண்பது என்ற மூன்றை மட்டும் நபியவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள். அதன்பின் தம் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவரே பின்னாளில் கூறினார்கள். ஒரே தட்டில் உடன் அமர்ந்து, சில சொற்களில் சொன்னதால் அது மனதில் நின்றது.

மூன்றாவது, நம் பாடத்தின் நடுப்பகுதி. ஒரு தையல்காரர் நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். சிறு வயது முதல் நபியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த அனஸ் (ரலி) உடன் சென்றார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைக்கப்பட்டன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்று முதல் சுரைக்காய் தமக்கும் பிரியமானதாக ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

சுரைக்காயின் சத்தைப் பற்றி அங்கே யாரும் அனஸுக்கு விளக்கவில்லை. "நீயும் சாப்பிடு" என்று வற்புறுத்தியதாகவும் அந்த அறிவிப்பில் இல்லை. தாம் நேசிக்கும் ஒருவர் விரும்பி உண்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் உணவைப் பழகுவது இப்படித்தான்.

3. ஆய்வுகள் சொல்வதும் இதுவே

அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980ல் மழலையர் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை செய்தார். ஒரு காயை அவ்வளவாக விரும்பாத பிள்ளையை, அதை விரும்பி எடுக்கும் பிள்ளைகளோடு சில நாட்கள் மதிய உணவுக்கு அமர வைத்தார். அந்தப் பிள்ளையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. 1984ல் அவரும் குழுவினரும் வேறொன்றைச் சோதித்தார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்க வைத்த பிள்ளைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துபோனது.

"கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்" என்று நாம் சொல்லும்போது, கீரை தண்டனை, ஐஸ்கிரீம் வெகுமதி என்று நாமே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

லண்டனில் ஜேன் வார்டிலும் குழுவினரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் விரும்பாத ஒரு காயைப் பெற்றோரே நாள்தோறும் சிறிதளவு ருசிக்கக் கொடுத்தார்கள். பதினான்கு நாட்களில் அந்தக் காயின் மீது விருப்பமும், உண்ணும் அளவும் கூடின. நாமோ இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பத்து, பதினைந்து முறை வரை பொறுமையாக முன்வைக்க வேண்டிய உணவும் உண்டு. ஈரம் காயாத பாண்டத்தைச் சூளையில் ஏற்றினால் வெடிக்கும் என்பதைப் பீங்கான் தொழிலில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

4. யார் வேலை எது?

வீட்டுச் சண்டை குறைய ஒரு பங்கீடு உதவும். என்ன சமைப்பது, எப்போது தருவது, எங்கே அமர்வது என்பவை பெற்றோரின் பொறுப்பு. பரிமாறியதில் எதை, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. பெற்றோர் பிள்ளையின் வேலையை எடுத்துக்கொண்டால் திணிப்பு வருகிறது. பிள்ளையிடம் பெற்றோர் வேலையைக் கொடுத்தால் மூன்று வேளையும் நூடுல்ஸ்தான்.

இந்தப் பங்கீடு நடக்க மூன்று ஏற்பாடுகள் தேவை.

சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் நேரம் குறியுங்கள். இடையில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். சாப்பிட மறுத்தால் கோபம் வேண்டாம், பதிலுக்கு வேறொன்று செய்து தரவும் வேண்டாம். "சரிம்மா, அடுத்து நாலு மணிக்கு" என்று தட்டை எடுத்துவிடுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பிள்ளை ஒரு வேளை குறைவாக உண்பதால் கெட்டுவிடாது.

ஒவ்வொரு வேளையும் பிள்ளைக்குப் பழகிய ஒரு பொருளாவது தட்டில் இருக்கட்டும். சோறும் பருப்பும் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பீர்க்கங்காய் அவ்வளவு அச்சுறுத்தாது.

குறைவாகப் பரிமாறுங்கள். புதிய காய் ஒரு துண்டு போதும். பழகிய உணவுக்கு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது ஒரு தோராயக் கணக்கு. மூன்று வயதுக்கு மூன்று கரண்டி. வேண்டுமென்றால் பிள்ளை கேட்டு வாங்கட்டும்.

5. பதினான்கு நாள் பயிற்சி

ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள். பாகற்காயில் தொடங்க வேண்டாம். பூசணி, கேரட், சுரைக்காய் போன்ற மென்மையான இனிப்புச் சுவை உள்ளது நல்லது.

முதல் மூன்று நாள்: காயைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சந்தையில் அதுவே எடுத்துப் பையில் போடட்டும், வீட்டில் கழுவட்டும். சமைத்த பின் ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும். உண்ணச் சொல்ல வேண்டாம். நீங்கள் அதை உண்ணுங்கள்.

நான்கு முதல் ஏழாம் நாள் வரை: முகர்ந்து பார்க்கலாம், நாவில் தொட்டுப் பார்க்கலாம் என்று அழையுங்கள். பிடிக்காவிட்டால் துப்பவும் அனுமதி உண்டு. வெளியேற வழி தெரிந்தால்தான் பிள்ளை உள்ளே வரத் துணியும்.

எட்டு முதல் பதினான்காம் நாள் வரை: நாளுக்கு ஒரு கடி. அதே காயைச் சமைக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் பொரியல், ஒரு நாள் கூட்டு, ஒரு நாள் தாளிச்சா. பல பிள்ளைகளுக்குச் சுவையைவிட வழவழப்பும் நாருமே தொல்லை. வெண்டைக்காயை மொறுமொறுப்பாக வதக்கினால் உண்ணும் பிள்ளை, குழம்பில் கிடந்தால் தொடாது. கீரையைக் கடைந்து கொடுத்தால் இறங்கும், பொரியலாக வைத்தால் தொண்டையில் நிற்கும்.

ருசி பார்த்ததற்கு "மாஷா அல்லாஹ், தொட்டுப் பாத்துட்டியே" என்ற ஒரு சொல் போதும். உண்டதற்குப் பணமோ தின்பண்டமோ கூலியாக வேண்டாம்.

6. அத்தாமார்களுக்கு

இந்தப் பாடத்தைத் தாய்மார்கள் மட்டும் படித்தால் பயன் பாதிதான். "எனக்குக் கறி இல்லாம சோறு இறங்காது" என்று சொல்லிக்கொண்டு கத்திரிக்காயை ஓரம் தள்ளும் அத்தாவைப் பார்த்து வளரும் மகன், கீரையை எங்கிருந்து விரும்புவான்? காலையில் தொழிற்பேட்டைக்கோ கடைக்கோ போனால் இரவில்தான் வீடு திரும்ப முடிகிறது என்பது உண்மை. அப்படியானால் அந்த ஒரு வேளையையாவது பிள்ளையோடு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, அமர்ந்து உண்ணுங்கள். நம் பெரியவர்கள் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட வழக்கத்தில் சிறுவர்களுக்குத் தானாகவே கிடைத்த பாடம் இது.

ரமளானில் பள்ளிவாசலில் இதை எல்லோரும் காணலாம். வீட்டில் கேரட்டைப் பொறுக்கி எறியும் பிள்ளை, வரிசையில் மற்ற பிள்ளைகளோடு அமர்ந்ததும் பருப்பும் கேரட்டும் வெந்தயமும் கலந்த நோன்புக் கஞ்சியைக் கோப்பையோடு குடித்து முடிக்கிறது.

பிள்ளை உண்ணாததற்குத் தாயை ஏசுவதையும் நிறுத்துவோம். ஏச்சுக்கு அஞ்சும் தாய்தான் பிள்ளையின் வாயில் திணிக்கிறாள்.

7. தவிர்க்க வேண்டியவை

திணித்தல், அடித்தல், மூக்கைப் பிடித்து ஊட்டுதல் கூடாது. உணவு என்றாலே அச்சம் என்று ஆகிவிடும். அழும் குழந்தையின் வாயில் ஊட்டினால் புரையேறும் ஆபத்தும் உண்டு.

செல்போனைக் காட்டி ஊட்ட வேண்டாம். பிள்ளை வாய் திறக்கிறது, ஆனால் என்ன உண்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்பதை அறிவதில்லை.

பொய் சொல்ல வேண்டாம். ஒரு தாய் தன் சிறுவனை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிக்கும் என்பதெல்லாம் இந்த வகைதான். தோசை மாவில் கீரையை அரைத்துச் சேர்ப்பது சத்துக்கு நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். பிள்ளை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கீரை கீரையாகவும் தட்டில் இருக்கட்டும். ஒளித்தே கொடுத்தால் பிள்ளை அதைப் பழகாது.

8. "வீணாக்கக் கூடாதே" என்ற ஐயம்

தட்டில் மீதம் வைப்பது இஸ்ராஃப் அல்லவா, அதனால்தான் வற்புறுத்துகிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது இறைக் கட்டளை. ஆனால் விரயம் தொடங்குவது பரிமாறும் கரண்டியில். நாம் குவித்து வைத்துவிட்டுப் பிள்ளையைக் குற்றம் சொல்வது முறையல்ல. ஒரு துண்டு வைத்து, அது மீந்தால் வீட்டில் ஒருவர் உண்டுவிடலாம். பசியில்லாத வயிற்றில் அடைப்பதும் விரயத்தில் ஒரு வகைதான்.

9. பள்ளிக்கூடச் சாப்பாடு

தமிழ்நாட்டில் 1956ல் காமராசர் காலத்தில் பரவலான மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பல ஆண்டுகள் சாம்பார் சோறே முக்கிய உணவு. 2013ல் சோதனை முறையில் பலவகை உணவு வந்தது. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், கீரை சாதம் என்று நாளுக்கு ஒன்று. முட்டையும் ஒரு நாள் மிளகு போட்டு, ஒரு நாள் தக்காளி மசாலாவில், ஒரு நாள் வெங்காய மசாலாவில். முட்டை அதேதான், விதம் மட்டும் மாறியது. குறைந்த செலவில் சமைக்கும் நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

2022 செப்டம்பர் 15ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நம் குடும்பங்களில் சிலர் கௌரவம் கருதியோ, ஹலால் பற்றிய ஐயத்தாலோ பிள்ளைகளைப் பள்ளியில் உண்ண விடுவதில்லை. அங்கே இறைச்சி சமைப்பதில்லை. அரிசி, பருப்பு, காய்கறி, முட்டைதான். நண்பர்களோடு வரிசையில் அமர்ந்து உண்பதால் பழகும் உணவை வீட்டில் தனியாகப் பழக்குவது கடினம். அனுப்பி வையுங்கள்.

10. இரத்தசோகைக்கு எதிரான சில பழக்கங்கள்

டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அது தடுக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு டீயே தேவையில்லை.

கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று உடன் இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சிறிதளவு இறைச்சியும் அதே உதவியைச் செய்கிறது. கறி வாங்கும் நாளில் முருங்கைக்கீரையையும் சேர்த்துச் சமையுங்கள். கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும் நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வேர்க்கடலை, முந்திரியை முழுதாகக் கொடுக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் இரும்புச்சத்து மருந்தையும், ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் மறுக்காதீர்கள். வயிற்றில் புழு இருந்தால் என்ன ஊட்டினாலும் பலன் குறையும்.

11. எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

எடை கூடாமல் நின்றால் அல்லது குறைந்தால். விழுங்கும்போது அடிக்கடி இருமல், புரையேறல், வாந்தி இருந்தால். உள்ளங்கையும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால். மண், பலப்பம், சுண்ணாம்பு, பச்சரிசி என்று தேடித் தின்றால். உண்ணும் வகைகள் மாதத்துக்கு மாதம் சுருங்கி நாலைந்தில் நின்றால். மண் தின்னும் பழக்கத்துக்கு அடிப்பது மருந்தல்ல, அது இரும்புச்சத்துக் குறையின் அடையாளமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் பெரியவர்கள் தொடாத காய்கள் எவை? அவற்றைப் பிள்ளைகள் தொடுகிறார்களா?
2. நேற்றுக் காலை முதல் இரவு வரை பிள்ளை உண்டது, குடித்தது அனைத்தையும் எழுதிப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் பசி இருந்திருக்குமா?
3. வாரத்தில் எத்தனை வேளை குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்கிறது? அதில் ஒன்றைக் கூட்ட யார், எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?
4. பதினான்கு நாள் பயிற்சிக்கு எந்தக் காய்? அதைப் பிள்ளையின் முன்னே முதலில் உண்ணப்போவது யார்?

நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், உணவில் பரக்கத்தையும், நமக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்